சொல்லாமல் வருபவருக்கும் ஒரு பிளாக் கூழ்: தீவக வீடுகளின் அன்றாடச் சமையலும் விருந்தும்

யாழ்ப்பாணத் தீவகத்தின் லைடன் தீவில் நாரந்தனை, சரவணை, சுருவில் என்று நெருங்கிக் கிடக்கும் ஊர்களுக்கிடையே இருக்கிறது புளியங்கூடல். இந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு வீட்டுக்குப் போகிறவர் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் ஒரு தலைமுறைக்கு முன்வரை இருக்கவில்லை. படலையைத் தள்ளிக்கொண்டு "ஆரும் நிக்கிறீங்களோ" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். "வாங்கோ, இருங்கோ" என்று பதில் வரும், பின்னால் தேத்தண்ணி வரும், அதனோடு கடித்துக் குடிக்க ஒரு துண்டு பனங்கட்டி வரும். மத்தியானம் நெருங்கியிருந்தால் சாப்பிடாமல் போக விடமாட்டார்கள். இன்று அதே ஊர்களில் உறவினர்கூடத் தொலைபேசியில் கேட்டுவிட்டே வருகிறார்கள். வந்தவருக்குக் கடையில் வாங்கிய பிஸ்கட்டும் சோடாவும் வைக்கப்படுகின்றன. இந்த மாற்றத்தைப் பேசுகிற எல்லோரும் ஒரே காரணத்தையே சொல்கிறார்கள்: சனத்தின் மனம் சுருங்கிப் போச்சு. இந்தத் தீர்ப்பு தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். சொல்லாமல் வந்தவருக்குச் சோறு போட்டது மனம் மட்டுமல்ல. ஆண்டு முழுவதற்குமான ஒரு சேமிப்பும், ஆள் கூடக்கூட நீளும் சமையல் முறையும், எந்நேரமும் வீட்டில் நின்ற ஒரு பெண்ணின் உழைப்பும் சேர்ந்து அதைச் செய்தன. இந்த மூன்றும் உடைந்தபோது விருந்தும் குறைந்தது.

தீவகத்தின் சமையலை விளங்கிக்கொள்ள முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். சுண்ணக்கல் தரை, ஆறு கிடையாது, ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழைதான் ஆண்டின் பெரும் வரவு. அந்த மழை நிலத்துக்குள் இறங்கி, உவர்நீரின் மேலே மெல்லிய படையாகத் தங்குகிறது. அதிகம் இறைத்தால் கிணறு சவராகும். வேலணைச் சாட்டியைப் போல நல்ல தண்ணீர் கிடைக்கும் இடங்களை நம்பிப் பல ஊர்கள் இருந்திருக்கின்றன. இன்றும் பௌசரில் தண்ணீர் வரும் நாளை எதிர்பார்க்கும் வீடுகள் உண்டு. நெல் மழையை நம்பிய ஒரு போகம் மட்டும். குரக்கன், சாமை, வரகு ஆகியவை கொஞ்சம். கடல் தாராளமாகக் கொடுக்கும், ஆனால் காற்றும் கொந்தளிப்பும் உள்ள நாட்களில் அதுவும் கைவிடும். இதற்கு மேல், தீவகத்து ஆண்களில் பலர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்தவர்கள், அங்கே வேலைக்கு நின்றவர்கள். ஊருக்கு வருவது திருவிழாவுக்கும் நல்லநாள் பெருநாளுக்கும். ஆகவே வருமானம் காசுக்கட்டளையாக வந்தது, வீடு பெண்ணின் பொறுப்பில் நடந்தது. எந்த நாளில் எது கிடைக்கும் என்று தெரியாத இடத்தில் எந்த நாளில் ஆர் வந்தாலும் சமாளிக்கிற ஒரு குசினியை நடத்தியிருக்கிறார்கள் என்பதுதான் வியப்புக்குரிய சங்கதி. இதை வெறும் நல்ல குணம் என்று சொல்லி முடித்துவிடுவது அந்தப் பெண்களின் அறிவைக் குறைத்து மதிப்பதாகும்.

சேமிப்பின் நடுநாயகம் பனை. ஆடி, ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழுகிறது. பழத்தைப் பிசைந்து களியெடுத்துப் பாயில் பரவி வெயிலில் காயவிட்டு, அதன்மேல் மறுநாள் இன்னொரு படை ஊற்றி, அடுக்கடுக்காகக் காய வைத்தால் பனாட்டு. பாணியில் ஊறவைத்தால் அது பாணிப் பனாட்டு, மாதக்கணக்கில் இருக்கும். களி எடுத்த கொட்டைகள் எறியப்படுவதில்லை. இளக்கிய மண்ணை மேடாகக் கூட்டி, கொட்டைகளை நெருக்கி அடுக்கி, மண்ணால் மூடிப் பாத்தி போடுகிறார்கள். அதன்பின் யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. மழை வருகிறது, கொட்டை முளைவிட்டுக் கீழே இறங்குகிறது, தை மாசியில் பாத்தி கிண்டும்போது ஒவ்வொரு கொட்டையின் கீழும் ஒரு கிழங்கு. கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் தோலுரித்து இரண்டாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். ஒடியலை இடித்து மாவாக்கினால் கூழும் பிட்டும். கொட்டைக்குள் இருக்கும் பூரான் பிள்ளைகளுக்கு. மிஞ்சிய ஊமல் அடுப்புக்கு. இதைப் பொருளியல் கண்ணால் பார்த்தால் நடந்திருப்பது தெளிவாகத் தெரியும். மூன்று மாத மழையை, கிணற்றில் தேக்க முடியாத ஒரு நிலத்தில், கிழங்காக மாற்றிப் பானைக்குள் வைத்துவிட்டார்கள். வில்லியம் பெர்குசன் 1850இல் கொழும்பில் வெளியிட்ட பனை பற்றிய நூலில், இந்த மரத்தின் 801 பயன்களைச் சொல்லும் ஒரு தமிழ்ப் பாட்டைக் குறிப்பிடுகிறார். அந்த எண்ணைவிட முக்கியமானது ஒன்றுண்டு. இந்தப் பயன்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றின் கழிவு அடுத்ததன் முதலாக, ஆண்டு முழுவதும் கோக்கப்பட்டிருந்தன.

பனையோடு மற்றவையும் சேர்ந்தன. மலிவாக மீன் வந்த நாளில் உப்பிட்டுக் காயவைத்த கருவாடு, பங்குனி சித்திரையில் வேம்பு பூத்ததும் பூவை உதிர்த்து உழுந்தும் வெங்காயமும் சேர்த்துத் தட்டிய வேப்பம்பூ வடகம், மோர்மிளகாய், ஊறுகாய். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாவற்றையும் தனித்தனியே பதம் பார்த்து வறுத்து இடித்த தூள் போத்தலில். கோடியில் முருங்கை, வளவில் தேங்காய். கோழிக்கூட்டில் முட்டை. வந்தவரைத் திண்ணையில் இருத்திவிட்டு அரைமணி நேரத்தில் சோறும், முட்டைக் குழம்பும், முருங்கையிலை வறையும், ஒரு சொதியும், பொரித்த வடகமும் வைக்க முடிந்ததற்குக் காரணம் அந்த அரைமணி நேரத்துக்குப் பின்னால் பத்து மாத வேலை இருந்தது என்பதே. விருந்தாளி கண்டது கடைசிக் கட்டத்தை மட்டும்.

இனி நீளும் சமையல் முறைக்கு வருவோம். ஒடியற்கூழ் காய்ச்சும் விதத்தைக் கவனித்தால் முழுத் தத்துவமும் அதற்குள் இருக்கிறது. ஒடியல் மாவை முன்னதாகவே தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து, மறுபடி நீர் விட்டு அதன் கசப்பைப் போக்குகிறார்கள். பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கிறபோது கைப்பிடி அரிசியும், பலாக்கொட்டையும், மரவள்ளிக்கிழங்குத் துண்டும், பயிற்றங்காயும் போகின்றன. வேகச் சுணங்குவது முதலில், மெல்லியது கடைசியில். பிறகு மீன். ஒட்டி, ஓரா, திரளி என்று அன்று கரையில் எது கிடைத்ததோ அது, மீன்தலைகள், நண்டு, இறால், கணவாய். அரைத்த செத்தல் மிளகாயும் மஞ்சளும், கரைத்த புளியும் சேர்ந்தபின், ஊறிய ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றி அகப்பையால் விடாமல் துழாவுகிறார்கள். முருங்கையிலை இறுதியில். கூழ் தடித்துப் பளபளக்கும்போது பானை இறங்குகிறது. பனையோலையை மடித்துக் கோலிய பிளாவில் ஊற்றி, முற்றத்தில் சுற்றியிருந்து ஊதி ஊதிக் குடிக்கிறார்கள். இன்னும் நாலு பேர் வந்துவிட்டால்? இன்னும் கொஞ்சம் தண்ணீர், இன்னும் ஒரு கை மா, கொஞ்சம் புளி, கொஞ்சம் உறைப்பு. கூழுக்குள் மீன் துண்டை எண்ணி வைப்பவர் எவரும் இல்லை.

இங்கேதான் நான் முக்கியமென்று கருதும் வேறுபாடு இருக்கிறது. உணவில் எண்ணிப் பங்கிடுவது ஒன்று, அள்ளிப் பங்கிடுவது ஒன்று. ஆளுக்கு இரண்டு பொரித்த மீன் என்ற கணக்கில் சமைத்த வீட்டில் ஐந்தாவது ஆள் வந்தால் ஒருவருக்கு மீன் இல்லை. அது யாரென்று பெரும்பாலும் சொல்லத் தேவையில்லை, சமைத்தவள்தான். அள்ளிப் பங்கிடும் உணவில் அந்த நெருக்கடி எழுவதில்லை. சொதி அப்படிப்பட்டது: இரண்டாம் பாலை இன்னொரு முறை பிழிந்து விட்டால் அது நீளும். பிட்டும் அப்படியே, மாவும் தேங்காய்ப்பூவும் இன்னொரு நீத்துப்பெட்டி நிறையும், முதல் பெட்டியைச் சாப்பிடத் தொடங்கும்போது இரண்டாவது ஆவியில் இருக்கும். வறையில் சுறாவோ முருங்கையிலையோ தேங்காய்ப்பூவோடு உதிர்ந்து கலந்துவிடுகிறது, எவருக்கு எவ்வளவு என்ற அளவு மறைந்துவிடுகிறது. பழஞ்சோற்றைக் கரைத்து வெங்காயமும் பச்சைமிளகாயும் தயிரும் சேர்த்தால் காலைச் சாப்பாடு எத்தனை பேருக்கும் எட்டும். 1942இல் பர்மா யப்பானியர் கையில் வீழ்ந்து அரிசி வரத்து அற்றுப்போனபின் இலங்கை வீடுகளுக்குள் கோதுமை மா பெருமளவில் நுழைந்தது. யாழ்ப்பாணத்தவர் அதைப் பாணாக மட்டும் ஏற்கவில்லை. மாவைத் துணியில் கட்டி அவித்து, அரித்து, பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் ஏற்றதாக மாற்றினார்கள். புதிய மா வந்தது, பழைய முறை அதை உள்வாங்கியது. இந்தச் சமையல் ஒரு பட்டியலாக இருந்திருந்தால் அது அப்போதே குலைந்திருக்கும். இது ஒரு முறையாக இருந்ததால் நின்றது.

இந்த வாதத்துக்கு வரக்கூடிய முதல் மறுப்பு மரபிலிருந்து வரும். விருந்தோம்பலைத் தமிழர் ஓர் அறமாகவே வைத்திருக்கிறார்கள், திருக்குறளில் அதற்குத் தனி அதிகாரம் உண்டு, அதைப் பானைக்கணக்காகவும் பாத்திக்கணக்காகவும் சுருக்குவது சரியா என்று கேட்கலாம். அறத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வள்ளுவர் அந்த அதிகாரத்தை இல்லறவியலில் வைத்திருக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். இல்லம் நடத்துகிறவரின் கடமை அது, இல்லத்தை நடத்தும் திறமையோடு பிணைந்தது. தீவகத்துக்கு இன்னும் நெருக்கமான சான்று மணிமேகலையில் இருக்கிறது. மணிபல்லவத்தில் கோமுகிப் பொய்கையிலிருந்து மணிமேகலை பெற்ற அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது. அந்த மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்வோர் பலர், நாகபூசணி அம்மன் கோயிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்றே பெயர். ஆனால் அந்த அதிசயப் பாத்திரமும் தானாகத் தொடங்கவில்லை. ஆதிரை என்ற ஓர் இல்லத்தரசியின் கையால் முதல் பிச்சை விழுந்த பின்தான் அது ஊருக்குச் சோறிட்டது. தெய்விகப் பாத்திரத்துக்கே ஒரு வீட்டுக் குசினியின் முதலீடு தேவைப்பட்டது என்று காப்பியம் கண்டுகொண்டிருக்கிறது. மனம் இருந்தது என்பதோடு நாம் நிறுத்திக்கொண்டால் ஆதிரையை விட்டுவிட்டுப் பாத்திரத்தை மட்டும் கும்பிடுகிறோம்.

இரண்டாவது மறுப்பு நேர் எதிர்த் திசையிலிருந்து வரும். ஒடியலும் கூழும் வறுமையின் உணவு, அரிசி வாங்க வழியில்லாதவர் சாப்பிட்டது, அதைத் திட்டம் என்றும் அறிவு என்றும் புகழ்வது பசியை அழகுபடுத்துவதாகும் என்பது அது. இதில் பாதி உண்மை இருக்கிறது. நெல் கையிருப்பில் இருந்த வீடு ஒடியற் பிட்டை வேண்டி உண்டது, இல்லாத வீடு வேறு வழியின்றி உண்டது, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் வறுமையின் உணவென்றால் வசதி வந்ததும் அது கைவிடப்பட்டிருக்க வேண்டும். கூழைப் பொறுத்தவரை நடந்தது அதற்கு மாறானது. வசதியுள்ள வீடுகளும் கூழைச் சந்தோசத்துக்காகக் காய்ச்சின, நண்டும் இறாலும் கூடின. ஆடிப்பிறப்பன்று பச்சரிசி மாவும் பயறும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த இனிப்புக் கூழ் எல்லா வீட்டிலும் கொண்டாட்டம். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் அதைப் பாடியபோது அது பிள்ளைகளின் விடுமுறைக் குதூகலமாக இருந்தது, பட்டினியின் அடையாளமாக அல்ல. வறுமை இந்தச் சமையலுக்கு ஒரு நெருக்குதலைக் கொடுத்தது. அதன் வடிவத்தை ஆக்கியது அந்த நெருக்குதலுக்கு முகங்கொடுத்த புத்தி.

மூன்றாவது மறுப்பை எளிதில் கடக்க முடியாது, கடக்கவும் கூடாது. சொல்லாமல் வந்தவர் எல்லோருக்கும் திண்ணை கிடைத்ததா? கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்தின் மற்ற இடங்களைப் போலவே தீவகத்திலும் சாதி, படலையிலேயே ஆளைப் பிரித்தது. ஒருவருக்கு மூக்குப்பேணியில் தண்ணீர், இன்னொருவருக்குச் சிரட்டையில். உதடு படாமல் அண்ணாந்து குடிக்க வசதியான அந்த அழகான பித்தளைப் பேணியும்கூட, தீண்டலைப் பற்றிய ஓர் எச்சரிக்கையை வயிற்றில் வைத்திருந்தது. பனையில் ஏறியவரும், கடலில் மீன் பிடித்தவரும், பாத்தி கிண்டக் கூலிக்கு வந்தவரும் இல்லாமல் அந்தக் குசினி ஒரு நாளும் நடந்திராது. அவர்களில் பலர் அந்தக் குசினி வாசலைக் கண்டதேயில்லை. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இத்தகைய விலக்கைப் பொது இடங்களில் குற்றமாக்கியது. சட்டம் மட்டும் போதவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலமும், அதைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் பிரவேசங்களும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டமும் தேவைப்பட்டன. ஒரு குவளைத் தேநீரைச் சமமாகக் குடிப்பதற்காக ஆட்கள் அடிபட்டார்கள். எழுத்தாளர் டானியலின் நாவல்களில் இந்தக் காலம் பதிவாகியிருக்கிறது. ஆகவே பழைய விருந்தோம்பலை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எவரும் கேட்க முடியாது. ஆனால் இந்த உண்மை என் வாதத்தைத் தளர்த்தவில்லை, உறுதிப்படுத்துகிறது. மனமே விருந்தைத் தீர்மானித்திருந்தால், பானை நிறைய இருந்தும் படலையில் ஆளை நிறுத்திய அந்த மனத்தை எப்படி விளக்குவது? சேமிப்பும் சமையல் முறையும் எல்லோருக்கும் போடப் போதுமானவையாக இருந்தன. போடாமல் தடுத்ததுதான் மனம். போற்ற வேண்டியதையும் வெறுக்க வேண்டியதையும் இப்படிப் பிரித்துப் பார்த்தால்தான் எதை எடுத்துக்கொள்வது என்று தெரியும்.

இந்த ஏற்பாடு எப்போது குலைந்தது என்பதற்கு மெதுவான பதிலும் உண்டு, சடுதியான பதிலும் உண்டு. 1958, 1977, 1983 இனக்கலவரங்கள் தென்னிலங்கைக் கடைகளை அழித்தபோது தீவகத்துக்கு வந்த காசு நின்றது, பலர் வெளிநாட்டுப் பாதையைப் பிடித்தார்கள். 1990 ஓகஸ்டில் தொடங்கி 1991 முடிவதற்குள் இராணுவ நடவடிக்கைகள் தீவுகளைக் காலியாக்கின. குடாநாட்டுக்கும், பிறகு வன்னிக்கும் கொழும்புக்கும், அங்கிருந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சனம் போனது. இடம்பெயர்ந்தவர் நகையையும் காணி உறுதியையும் எடுத்துக்கொண்டு போகலாம். பாத்தியை எடுத்துக்கொண்டு போக முடியாது. வளவில் பழம் விழுந்து தானே முளைத்து வடலியாகி, வடலி பற்றைக்காடானது. திரும்பி வந்தவர்கள் கூரையைத் திருத்தினார்கள், கிணற்றை இறைத்தார்கள். ஆனால் பத்து மாத வேலையைக் கோக்கும் அந்த ஒழுங்கு தொடர்ந்து செய்தவர்களின் கையில் இருந்தது. அவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள், அல்லது ஸ்கார்பறோவில் இருக்கிறார்கள்.

இதற்குப் பதிலாக இன்று பிரிட்ஜும் காஸ் அடுப்பும் கடையும் இருக்கின்றனவே, அவை பாத்தியையும் பரணையும்விட நன்றாகச் செய்கின்றனவே என்பது நான்காவது மறுப்பு. பல விதத்தில் அவை நல்லவைதான். ஊமலை ஊதி ஊதிக் கண் எரிந்த பெண்ணிடம் காஸ் அடுப்பு வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பிரிட்ஜில் உள்ள மீன், கருவாட்டைவிட உப்புக் குறைந்தது. ஆனால் இந்தச் சேமிப்பு, மின்சாரமும் கப்பலும் விலையும் ஒழுங்காக இருக்கும்வரை மட்டும் சேமிப்பு. 2022இல் அது தெரிந்தது. அந்த ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டரின் விலை 4,860 ரூபாவாக உயர்ந்தது, அந்த விலைக்கும் சிலிண்டர் கிடைக்காமல் வரிசையில் நின்றார்கள். நாளுக்கு மணிக்கணக்கில் மின்வெட்டு. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. கோதுமை மாவை நம்பிப் பிட்டவித்த வீடுகளில் அந்த மாவுக்கே தட்டுப்பாடு. அப்போது விறகடுப்பு திரும்பியது, காவோலையும் பன்னாடையும் மட்டையும் திரும்பின. ஒடியல் திரும்பவில்லை, ஏனென்றால் முந்தைய ஆவணியில் பெரும்பாலான வீடுகள் பாத்தி போட்டிருக்கவில்லை. நெருக்கடி வந்தபின் போட்டால் அடுத்த தையில்தான் கிழங்கு. இந்த வகைச் சேமிப்பின் இயல்பே அது. தேவைப்படும் நாளில் அதைத் தொடங்க முடியாது.

புலம்பெயர்ந்த ஊர்களில் கூழ் செழிப்பாக இருக்கிறதே என்றும் சொல்லலாம். உண்மைதான். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசின் லா சப்பேல் கடைத்தெருவிலும் ஒடியல் மா பக்கெற்றில் கிடைக்கிறது. கோடைகாலத்தில் ஊர்ச்சங்கங்கள் பெரிய பானை வைத்துக் கூழ் காய்ச்சுகின்றன, பிளாவுக்குப் பதில் காகிதக் கோப்பை. இதை நான் சிறுமைப்படுத்தமாட்டேன். நாடு கடந்தும் ஓர் ஊரின் ருசி பிழைத்திருப்பது பெரிய காரியம். ஆனால் அங்கே கூழ் ஒரு நிகழ்ச்சி. நாள் குறித்து, அழைப்பு அனுப்பி, சனிக்கிழமையில் நடக்கிறது. சொல்லாமல் வருபவருக்கான உணவாகப் பிறந்த ஒன்று சொல்லி வருபவருக்கான உணவாக மாறியிருக்கிறது. அது ஏன் என்று பார்த்தால் என் வாதத்துக்கு இன்னொரு சான்று கிடைக்கிறது. இரண்டு வேலை செய்யும் கணவன் மனைவி, தொடர்மாடி வீடு, பகலில் பூட்டிய கதவு. அவர்களின் மனம் சுருங்கியதாக எவரும் சொல்ல முடியாது. ஊரில் ஒரு கோயில் திருப்பணிக்கோ பள்ளிக்கூடக் கட்டடத்துக்கோ அவர்கள் அனுப்பும் பணத்தைப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். மனம் அப்படியே இருக்க, சொல்லாமல் வருகிறவருக்கு இடம் இல்லாமற் போனது. ஆகவே அந்த இடத்தை உண்டாக்கியது மனம் மட்டுமல்ல.

கடைசியாக, எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி. இந்தக் குசினியின் மூன்றாவது தூண், எந்நேரமும் வீட்டில் நின்ற பெண். அவளுடைய உழைப்பு இல்லாமல் பாத்தியும் பானையும் பயனற்றவை. ஆனால் அந்த உழைப்புக்கு அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. விருந்தாளி புறப்பட்டபின் அடியில் எஞ்சியதை உண்டவள் அவள், உரலில் தூள் இடித்தவள் அவள், ஒடியல் கழுவ நல்ல தண்ணீரைத் தூரத்துக் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்தவளும் அவளே. இன்று அவளுடைய பேத்தி பட்டப்படிப்பு முடித்து அலுவலகத்துக்குப் போகிறாள். அவளைத் திரும்பப் பிடித்துக் குசினிக்குள் விட்டு விருந்தோம்பலை மீட்பது நியாயமும் அல்ல, நடக்கப் போவதும் அல்ல. ஆகவே கேட்க வேண்டியது, அந்த உழைப்பை எப்படிப் பிரிப்பது என்பதுதான். கூழ் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. யாழ்ப்பாணச் சமையலில் ஆண்கள் தயக்கமின்றிக் கைவைக்கும் பண்டங்களில் அது ஒன்று: ஒருவர் நண்டு உடைக்கிறார், ஒருவர் மரவள்ளி உரிக்கிறார், ஒருவர் துழாவுகிறார், ஒருவர் ஓலை கிழித்துப் பிளாக் கோலுகிறார். ஒரே பானை, குடித்து முடித்ததும் பிளாவை எறிந்துவிடலாம், கோப்பை கழுவும் வேலையும் தண்ணீரும் மிச்சம். மாவைக் கழுவப் போகும் தண்ணீரை இது ஓரளவு ஈடுசெய்கிறது. வந்தவரும் வேலைக்காரராகிவிடும் விருந்து இது. வந்தவரைத் திண்ணையில் இருத்தி உள்ளே ஒருத்தி தனியே வெந்துகொண்டிருந்த விருந்தைவிட இதுவே நாம் முன்னெடுக்கத் தக்கது. அன்றாடச் சமையலிலும் அள்ளிப் பங்கிடும் பண்டங்களை வைத்துக்கொண்டு, அந்த வேலையைப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் பங்கிட்டால், சொல்லாமல் வருகிறவர் ஒரு பெண்ணின் தலையில் விழும் சுமையாக இருக்கமாட்டார்.

பாத்திக்கும் இதே கணக்குத்தான். 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையங்களில் ஒடியலும் புழுக்கொடியலும் பனங்கட்டியும் வாங்கலாம், வாங்க வேண்டும், அது பலருக்குத் தொழில். ஆனால் ஊரில் இப்போது இரண்டு முதியவர் மட்டும் இருக்கும் வளவுகள் பல. பழம் பொறுக்கவும் மண் இளக்கவும் அவர்களால் முடியாது. பக்கத்து வளவுகளின் கொட்டைகளைச் சேர்த்து ஒரே இடத்தில் பொதுப்பாத்தி போட்டு, தையில் கிண்டிப் பகிர்ந்துகொண்டால் வேலை சில நாட்களோடு முடிந்துவிடும், தண்ணீர்ச் செலவும் இல்லை. பனை காய்க்கப் பதினைந்து ஆண்டளவு ஆகும் என்பதால் புதிய மரம் நடுவது பேரப்பிள்ளைகளுக்கான வேலை. பாத்திக்கு அந்தக் காத்திருப்புத் தேவையில்லை. மரங்கள் ஏற்கெனவே நிற்கின்றன, பழம் ஆண்டுதோறும் விழுகிறது. வெளிநாட்டிலிருந்து கோடை விடுமுறைக்கு வருகிறவர்கள் ஊரில் நிற்கும் ஆடி ஆவணியிலேயே அது விழுகிறது என்பதால், பொறுக்குவதற்கு ஆளும் அப்போது இருக்கிறது.